மாற்றிக்கொண்ட துணியில் மேற்சட்டை: புதிதாகத் தைக்க வருபவர்களுக்கு

கடையில் துணி வாங்கித் தைப்பவர் முதலில் எந்தச் சட்டை என்று தீர்மானிக்கிறார், பிறகு அதற்கு எத்தனை மீற்றர் வேண்டுமென்று கேட்டு வாங்குகிறார். வீட்டுக்கு வீடு துணியை மாற்றிக்கொண்டு தைப்பவருக்கு இந்த வரிசை உதவாது. கைக்கு வந்த துண்டின் நீளமும் அகலமுமே சட்டை எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும். புதிதாகத் தைக்க வருபவர்களில் பலர், மனத்தில் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு அதற்குப் போதாத துணியோடு மல்லுக்கு நின்று, பாதியில் கைவிடுகிறார்கள். துணியை முதலில் அளந்துவிட்டு, அதற்குள் அடங்கும் சட்டையை யோசித்தால், சேலையோடு வரும் 80 சென்ரிமீற்றர் ரவிக்கைத் துண்டிலிருந்துகூட ஒரு முழு மேற்சட்டையின் உடலை வெட்டிவிடலாம். இந்தக் கட்டுரை விளக்குவது பெரும்பாலும் அந்த ஒரு சட்டையைத்தான்.

மலையக வீடுகளில் துணிக்குப் பஞ்சமில்லை. கல்யாணம், சடங்கு, வீடு குடிபுகுதல், தீபாவளி என்று வந்த சேலைகளின் ரவிக்கைத் துண்டுகள், யாரோ வாங்கித் தந்து உடுத்தாமல் விட்ட சாரங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணி, ஒரு காலத்தில் விரும்பி வாங்கிய சீத்தை என்று அலுமாரியிலும் டிரங்குப் பெட்டியிலும் ஏதாவது கிடக்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியதால், அங்கு மிஞ்சும் வெட்டுத்துண்டுகள் நிறைக் கணக்கில் விலைக்கு வருகின்றன. அவையும் இந்தக் குவியலில் சேர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டில் பயன்படாமல் கிடப்பது அடுத்த வீட்டில் தேடப்படுவதாக இருக்கும் என்பதால், காசில்லாமல் மாற்றிக்கொள்வது இங்கே சுலபமாக நடக்கக்கூடிய காரியம்.

துணியை மாற்றிக்கொள்ளும்போது

நான்கைந்து வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சம் நன்றாக விழும் இஸ்தோப்பில் கூடினால் போதும். மாலையில் கூடாதீர்கள், மின்குமிழ் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும், கறைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒவ்வொருவரும் தாம் கொண்டுவரும் துணியைத் துவைத்து, உலர்த்தி, நீளத்தையும் அகலத்தையும் ஒரு சிறு தாளில் எழுதிக் குண்டூசியால் குத்திவர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அகலத்தை எழுதாத துணியால்தான் பிற்பாடு மனக்கசப்பு வருகிறது. கடையில் 36, 45, 60 அங்குலம் என்று பல அகலங்களில் துணி வருகிறது. எனவே மீற்றருக்கு மீற்றர் மாற்றுவது நியாயமான கணக்கு ஆகாது. 36 அங்குல அகலமுள்ள 2 மீற்றர் பொப்ளினும், 60 அங்குல அகலமுள்ள 1.2 மீற்றர் துணியும் பரப்பில் சமம். நீளத்தை அகலத்தால் பெருக்கி ஒப்பிட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெரியவர்கள் சிலர் இன்னும் யார் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு யார் என்பது 91.44 சென்ரிமீற்றர், 2 யாரை 2 மீற்றர் என்று எண்ணிக்கொண்டு வெட்ட உட்கார்ந்தால் 17 சென்ரிமீற்றர் குறைவதைக் கத்தரிக்கோலை எடுத்த பிறகுதான் உணர்வீர்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. இழவு வீட்டில் கோடியாக வந்த துணியைச் சிலர் தைத்து உடுத்துவார்கள், சிலர் தொடமாட்டார்கள். அப்படி வந்த துணியானால் சொல்லிவிட்டு வைப்பதே மரியாதை. சீராகக் கிடைத்த துணியை, அதைத் தந்த அத்தையோ மாமியோ இருக்கும் கூட்டத்தில் விரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் குடும்பத்துக்கு நல்லது.

எடுக்கும் முன் துணியைச் சோதித்தல்

மாற்றில் கிடைக்கும் துணி பல வருடங்கள் மடித்து வைக்கப்பட்டதாக இருக்கக்கூடும், மலைநாட்டின் ஈரக் காற்றில் அந்த மடிப்புகள்தான் முதலில் கெடும். துணியை விரித்து யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மடிப்பு விழுந்த கோட்டில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவினால் அங்கே நூல் தேய்ந்திருக்கிறது. அந்தக் கோட்டின் இருபுறமும் இரு பெருவிரல்களையும் வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். மெல்லிய நறநறப்புச் சத்தத்தோடு நூல் விலகினால், அந்தத் துணி தைத்த பிறகு தோளிலோ முதுகிலோ கிழியும். பழைய பட்டில் இது அடிக்கடி நேரும். சிறு கரும்புள்ளிகள் பூஞ்சணத்தின் அடையாளம். அவை துணிக்குள் ஊறியிருந்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகமாட்டா. புள்ளிகள் ஓரத்தில் மட்டும் இருந்தால் வெட்டி ஒதுக்கலாம், நடுவில் பரவியிருந்தால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். ஒரு மூலையை ஈரமாக்கி வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடைத்துணிக்கு அதை நம்பி, சாயம் விடும் சிவப்பை வெள்ளைக் கையோடு சேர்த்துத் தைக்காதீர்கள்.

துணி எந்த இழையால் ஆனது என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை உருவி, தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, தாள் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடினமான சிறு மணியாக நிற்கும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் வீசும். ரேயன் பருத்தியைப் போலவே எரிவதால் அதை வேறுவிதமாக அறிய வேண்டும்: நனைத்த ரேயன் நூல், உலர்ந்திருந்ததைவிட எளிதாக அறும்.

எந்தத் துணி நல்லது என்பது நீங்கள் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பிடிக்கும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் தனிப் பருத்திச் சட்டை காய்வதற்குள் பொறுமை போய்விடும். அங்கு பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணிக்கே என் ஓட்டு. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காற்றும் வெயிலும் கிடைப்பதால் பருத்தியைத் தயங்காமல் எடுக்கலாம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மேற்சட்டைக்கு மேல் சுவெட்டர் போடாத நாள் குறைவு என்பதால், கையில் கனமான துணியோ சுருக்கமோ வைக்காதீர்கள், சுவெட்டருக்குள் அது திரண்டுகொள்ளும்.

நனைத்து உலர்த்துதல்

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் ஒருமுறை தண்ணீரில் முழுதாக ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். இதைத் தவிர்க்கவே முடியாது. பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வீதம் வரை சுருங்கக்கூடும், பொலியெஸ்டர் ஏறக்குறையச் சுருங்குவதில்லை. மாற்றுத் துணியில் உடல் ஒன்றும் கை ஒன்றுமாகத் தைப்பதால், நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே இரண்டும் இரு வேறு அளவாகித் தையல் சுருண்டுவிடும். கொடியில் போடும்போது முறுக்காமல் நீளவாக்கில் விரித்துப் போடுங்கள். கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே அயன் செய்தால் மடிப்புக் கோடுகள் நீங்கும்; கலப்புத் துணிக்குச் சூடு குறைவாக இருக்கட்டும்.

ரவிக்கைத் துண்டில் உடலை வெட்டும் விதம்

துணியின் இரு பக்கமும் நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும் விளிம்புகளைக் கரை என்கிறோம். கரைக்கு இணையாகச் செல்லும் நூல் மிகக் குறைவாக இழுபடும் என்பதால் சட்டையின் நீளம் அந்தத் திசையிலேயே அமைய வேண்டும். வெட்டுத்துண்டில் கரை இல்லாவிட்டால், துணியை இரு திசைகளிலும் இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசையை நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

45 அங்குல அகலமும் 80 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம், நீளமும் உள்ள ஒரு ரவிக்கைத் துண்டை எடுத்துக்கொள்வோம். பழக்கத்தால் நாம் துணியை நடுவில் இரண்டாக மடிப்போம். அப்படி மடித்தால் முன்பக்கத்தை வெட்டியதும் பின்பக்கத்துக்குத் துணி போதாது. மாறாக, இடது கரையையும் வலது கரையையும் எடுத்து நடுவில் சந்திக்கும்படி மடியுங்கள். இப்போது வலப்புறம் ஒரு மடிப்பு, இடப்புறம் ஒரு மடிப்பு, ஒவ்வொன்றிலும் பதினொன்றேகால் அங்குலம் துணி. ஒரு மடிப்பு முன்பக்கத்தின் நடுக்கோடு, மற்றது பின்பக்கத்தின் நடுக்கோடு. இன்னொரு நன்மையும் இதில் உண்டு: சட்டையின் பக்கத் தையல் வரும் இடத்தில் கரையே இருப்பதால் அங்கு நூல் பிரியாது, ஓவர்லொக் மெஷின் இல்லாதவர்களுக்கு இது பெரிய உபகாரம். கரை மட்டும் இறுகிச் சுருங்கியிருந்தால், இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை அதில் கால் அங்குலச் சிறு வெட்டுக் கொடுத்துத் தளர்த்துங்கள்.

மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால், அதில் நாலில் ஒன்று 9. தளர்வுக்கு ஒன்றரை, தையலுக்கு அரை சேர்த்தால் 11. துணி நனைத்ததில் 44 அங்குலமாகக் குறைந்திருந்தாலும் ஒவ்வொரு மடிப்பிலும் சரியாக 11 கிடைக்கும். நீளத்துக்கு 26 அங்குலமும், தோள் தையலுக்கு அரையும், கீழ் மடிப்புக்கு ஒன்றுமாக 27½ அங்குலம். சுருங்கியது போக இரண்டரை, மூன்று அங்குலப் பட்டி ஒன்று மிஞ்சும், அதை எறிந்துவிடாதீர்கள். ஒற்றைத் திசையில் நிற்கும் பூக்களோ உருவங்களோ உள்ள துணியானால் முன், பின் இரண்டின் தோளும் ஒரே பக்கம் இருக்கும்படி வரையுங்கள்.

முதலில் பத்திரிகைத் தாளில் வரைந்து வெட்டிப் பாருங்கள். மடிப்புக் கோட்டிலிருந்து கழுத்துக்கு 3 அங்குலம். முன்கழுத்து இறக்கம் 6, பின்கழுத்து 3. தோள் தையலில் இரண்டிலும் அரை அங்குலம் போய்விடும். மடிப்பிலிருந்து தோள் முனை வரை ஏழரை அங்குலம், அந்த முனையை ஒன்றேகால் அங்குலம் கீழிறக்கிக் கழுத்தோடு சாய்கோடாக இணைக்க வேண்டும். மேல் விளிம்பிலிருந்து 9 அங்குலம் கீழே, துணியின் ஓரத்தில் அக்குள் புள்ளி. தோள் முனையிலிருந்து அங்கு வரை ஒரு வளைவு. முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிட அரை அங்குலம் உட்குழிவாக வரைந்தால் கையை முன்னே நீட்டும்போது துணி திரளாது. அக்குளிலிருந்து கீழ்வரை நேர்கோடே போதும். இடுப்பு வளைவெல்லாம் இரண்டாவது சட்டையில் பார்த்துக்கொள்ளலாம்.

கழுத்தை வெட்டுவதற்கு முன் அளவு நாடாவை நிமிர்த்தி அந்த வளைவுகளின் மேல் வைத்து முழுச் சுற்றையும் அளந்து, உங்கள் தலைச் சுற்றளவோடு ஒப்பிடுங்கள். கழுத்துச் சுற்று குறைவாக இருந்தால் கழுத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை, குளிருக்கு அது உகந்ததுமல்ல. பின்புறம் நடுவில் 4 அங்குலம் திறப்பு விட்டு, ஒரு பொத்தானும் நூல் காதும் வைத்துவிடலாம்.

மார்புச் சுற்றளவு 38க்கு மேலானவர்களுக்கு 11 அங்குலம் போதாது. அவர்கள் வேறு துணியில் 3 அங்குல அகலப் பட்டி இரண்டு வெட்டி, அக்குளிலிருந்து கீழ்வரை முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் வைத்துத் தைக்க வேண்டும். தையல் போக ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலமாக, சுற்றளவில் 4 அங்குலம் கூடும். கையின் அடியகலத்தையும் அதே 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கையும் பட்டியும் ஒரே துணியில் அமைந்துவிட்டால் பார்ப்பவர் அதை ஒட்டு என்று நினைக்கமாட்டார், திட்டமிட்ட அமைப்பு என்றே நினைப்பார்.

கைக்கு இன்னொரு துணி

கைக்குத் தேர்ந்தெடுக்கும் துணி உடல் துணியின் கனத்துக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக் கசக்கிப் பார்த்தால் தெரியும். நிறம் பொருந்துவதைவிட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து; மெல்லிய உடலில் தடித்த கையை வைத்தால் தோள் கீழே இழுபட்டு, எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. சாரத் துணி இதற்கு அருமையானது: கட்டங்களே வெட்டுக்கோட்டுக்கு வழிகாட்டும்.

உடலின் முன்பக்க அக்குள் வளைவை அளந்துகொள்ளுங்கள். 9 அங்குலம் வந்ததாக வைப்போம். கைத்துணியை நீளவாக்கில் மடித்து, மடிப்பின் மேல் நுனியிலிருந்து மூன்றரை அங்குலம் கீழே குறுக்காக ஒரு கோடு போடுங்கள். மேல் நுனியிலிருந்து சாய்வாக அளந்து, சரியாக 9 அங்குலத்தில் அந்தக் குறுக்குக் கோட்டைத் தொடும் புள்ளியே கையின் அக்குள். அது மடிப்பிலிருந்து ஏறத்தாழ எட்டேகால் அங்குலத்தில் விழும். சாய்கோட்டின் மேல் பாதியை அரை அங்குலம் மேலே புடைத்தும், கீழ்ப் பாதியைக் கால் அங்குலம் உள்ளே குழித்தும் வளைவாக்குங்கள். பக்கத் தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினால், 36 அங்குல அகலமும் 12 அங்குல நீளமுமான ஒரு துண்டிலிருந்து இரு கைகளும் பக்கத்துக்குப் பக்கமாகக் கிடைத்துவிடும். அவை முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும்.

கழுத்துப் பட்டி நேர் நூலில் வெட்டப்பட்டால் வளைவில் படியாது. 10 அங்குலச் சதுரத் துண்டொன்றை மூலைக்கு மூலை சாய்வாக வெட்டி, அந்த வெட்டின் இருபுறமும் ஒன்றேகால் அங்குல அகலத்தில் ஒவ்வொரு பட்டி எடுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 அங்குலம் வரும். இரண்டையும் இணைத்தால் இந்தக் கழுத்துக்குப் போதும். தையற்காரர்கள் இதைக் கிராஸ் பட்டி என்பார்கள். சீருடையில் மிஞ்சிய வெள்ளைத் துணி இதற்குப் பொருத்தமானது, உள்ளே மடிந்துவிடுவதால் நிறம் வெளியே தெரியாது.

தைத்தல்

சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் தையல் மெஷின்களை விற்றுவருகிறது. கையால் சுற்றும் அல்லது காலால் மிதிக்கும் பழைய மெஷின் ஒன்று உறவு வட்டத்தில் யாரிடமாவது இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு மின்சார மெஷினைவிட அதுவே நல்லது, ஏனென்றால் நம் வேகத்துக்கு மேல் அது ஓடாது, மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. வெகுநாள் கிடந்த மெஷினானால் எண்ணெய் விட்டு, பழைய துணியில் சில வரிகள் ஓட்டி, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போன பிறகே உங்கள் துணியை வையுங்கள். மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசியும் பொப்ளின், சாரம் போன்றவற்றுக்கு 14ஆம் இலக்க ஊசியும் பொருந்தும். தையல் ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீற்றர் நீளத்தில், அதாவது அங்குலத்துக்குப் பத்தளவில் இருக்கட்டும். மெஷினே இல்லையென்றாலும் தயங்க வேண்டாம்: இரட்டை நூலில் நெருக்கமான பின் தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னுக்குக் குத்தி முன்னே எடுப்பது) போட்டால் இந்தச் சட்டை முழுவதையும் கையாலேயே முடிக்கலாம்.

முதலில் இரு தோள்களையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தையுங்கள். அடுத்தது கழுத்து: பட்டியைக் கழுத்தின் நல்ல பக்கத்தில் வைத்துக் கால் அங்குலத்தில் தைத்து, வளைவில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்து, பட்டியை முழுதாக உள்ளே திருப்பி ஓரத்தை மடித்து மீண்டும் தைக்க வேண்டும். பட்டியைத் தைக்கும்போது இலேசாக இழுத்துப் பிடியுங்கள், ஆனால் சட்டையின் கழுத்தை ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுபட்ட கழுத்து பிறகு மார்பில் படியாமல் வாய் பிளந்து நிற்கும்.

கையைப் பொருத்துவதற்குப் பக்கங்களை மூடும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டை இன்னும் விரித்த நிலையில் இருக்கும்போதே கையின் மேல் நுனியைத் தோள் தையலில் குத்தி, அங்கிருந்து இரு பக்கமும் அக்குள் வரை குண்டூசி குத்திக்கொண்டு போங்கள். கால் அங்குலம், அரை அங்குலம் மிஞ்சினால் சுருக்கம் விழாதபடி பரப்பிவிடலாம். அதற்கு மேல் மிஞ்சினால் கையின் வளைவைத் திருத்த வேண்டும். இரு கைகளும் சேர்ந்த பிறகு, கையின் நுனியில் தொடங்கி அக்குளைத் தாண்டிச் சட்டையின் கீழ்வரை ஒரே ஓட்டமாகத் தைத்தால் பக்கம் மூடிவிடும். பக்கப் பட்டி வைப்பவர்கள் பட்டியின் மேல் நுனி கையின் அக்குளோடு சேருமிடத்தைக் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு பிறகு மெஷினில் தையுங்கள். உட்காரும்போது இடுப்பில் இறுகாதிருக்க, கீழே 5 அங்குலம் தைக்காமல் விட்டு, அந்தத் திறப்பின் இரு ஓரங்களையும் மடித்துத் தையுங்கள். அக்குள் முனையில் இரண்டாவது தையல் ஒன்று அவசியம். வேலைக்குப் போய்வரும் சட்டை முதலில் பிரிவது அங்கேதான். ஒவ்வொரு தையலையும் அடுத்தது தொடங்குமுன் அயன் பெட்டியால் அழுத்திவிடுங்கள்.

கீழ் மடிப்பைத் தைக்குமுன் ஒருமுறை அணிந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியும் குனிந்தும் பாருங்கள். கொழுந்து பறிப்பவரோ குழந்தையைத் தூக்கித் திரிபவரோ அணியும் சட்டையானால் இந்தச் சோதனையில் இடுப்பு தெரியக்கூடாது. தெரிந்தால், எறியாமல் வைத்த அந்த இரண்டரை அங்குலப் பட்டியோடு கைத்துணியிலும் அதே அகலத்தில் பட்டி வெட்டி இணைத்துக் கீழே சுற்றிவரத் தைத்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நீளம் போதுமானால் அதே பட்டியில் சாவிக்கும் சில்லறைக்கும் ஒரு சிறு பை. வளரும் பிள்ளைக்குத் தைப்பதானால் கீழ் மடிப்பை ஒரு அங்குலத்துக்குப் பதில் இரண்டு அங்குலமாக வைத்து, பிரித்து இறக்க வசதியாகக் கையால் தைத்துவிடுங்கள்.